பூவோடு இருந்த பிகோனியாவுக்குத் தொட்டி மாற்றிய நாள்

மலைக் குடிலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் முதலாளியம்மா எனக்குப் போன் செய்தார். "சார், பசங்க தொட்டிய மாத்துறேன் தொட்டிய மாத்துறேன்னு பிகோனியாவ சாவடிச்சிக்கினு இருக்காங்க. எப்ப மாத்தணும், எப்பிடி மாத்தணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. திங்கக்கெழம காலைல வேலைக்கு முன்னாடி நிக்க வெச்சிப் படிச்சிக் காட்டிடறேன்" என்றார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நானே வந்து படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கண் கொஞ்சம் மங்கல், நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பேன். உட்கார வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மண் கலவை எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. இலை மக்கு எவ்வளவு, தேங்காய் நார்த்தூள் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று உங்கள் போனைத் தட்டினால் ஆயிரம் பேர் கத்திக்கொண்டு வருவார்கள். அதில் பாதி பேர் சொல்வது சரியாகவும் இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு செடியின் முன்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒருவர் அவசரப்படுத்தும்போது, கையை நீட்டுவதா மடக்குவதா என்பது. அதில் நான் ஒருமுறை தோற்றேன். தோற்றது மட்டும் என்றால் பரவாயில்லை, அதற்கான விலையை வேறு ஒருவரைக் கொடுக்க வைத்தேன்.

நான் எலவனாசூர்கோட்டைக்காரன். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். தோட்டக்கலையில் ஒரு டிப்ளமோ வாங்கிக்கொண்டு இந்த நர்சரிக்கு வந்தேன். கள்ளக்குறிச்சியில் விற்பனைத் தோட்டம், கரியாலூரில் இந்த நிழல்வலைக் குடில், இரண்டுக்கும் அப்போது நான்தான் சூப்பர்வைசர். முதலாளி என்றால் இப்போதைய முதலாளியம்மாவின் அப்பா. அவர் இப்போது இல்லை. கோபம் வந்தால் கூரை பறக்கும், அரை மணி நேரத்தில் டீ வாங்கித் தருவார், அப்படிப்பட்ட மனிதர்.

குடிலில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, கன்று பிரிப்பது எல்லாம் அஞ்சலை. பக்கத்து மலைக் கிராமத்துக்காரர், தினக்கூலி. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கம்மியாக. அவர் ஊரில் ஒரு வழக்கம். மழை பிடித்ததும் சாமை விதைக்கும்போது, கைராசி உள்ளவர் ஒருவரைக் கூப்பிட்டு முதல் கைப்பிடியை வீசச் சொல்வார்கள். அவர் வீசிய பிறகுதான் மற்றவர்கள் வீசுவார்கள். அஞ்சலையை நாலைந்து வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் மட்டும் அவர் வேலைக்கு வர மாட்டார், நானும் கேட்க மாட்டேன். குடிலிலும் அப்படித்தான், கன்றுக்காக மணலில் அவர் குத்தி வைத்த இலை ஒன்றுகூட அழுகியதில்லை. "உன் கைல இன்னா மருந்து வெச்சிருக்க?" என்று முதலாளியே கேலி செய்வார். தை மாதம் பிறந்ததும் அவரை மாதச் சம்பளத்துக்கு எடுத்து, குடில் பொறுப்பையே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மலையில் தினக்கூலியாக இருக்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் கூலி இல்லை, காய்ச்சல் வந்தால் கூலி இல்லை என்கிற பிழைப்பு அது.

குடிலின் வடக்கு மூலையில் ஒரு பிகோனியா இருந்தது. வெள்ளி பூசினாற்போல் இலை, நடுவில் கருஞ்சிவப்பு. ஒவ்வொரு இலையும் என் இரண்டு கை அகலம். அதுதான் தாய்ச்செடி. அதன் இலையை நரம்போடு நறுக்கி மணலில் வைத்துத்தான் எல்லாக் கன்றும் எடுத்தோம். ஒரு சின்ன மண் தொட்டியில், விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டு நின்றது. பார்க்கிற எல்லோரும், "பாவம், எடம் பத்தல, பெரிய தொட்டிக்கு மாத்தக் கூடாதா?" என்பார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். தொட்டி நிறைந்திருப்பது வேறு, தொட்டி பத்தாமல் போவது வேறு. பிகோனியா நெருக்கத்தில் நிம்மதியாக இருக்கும் செடி. ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் நேராக அடியில் ஓடுகிறதா, காலையில் விட்ட செடி மாலைக்குள் தாகத்தில் தொங்குகிறதா, அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறதா, புது இலை பழைய இலையைவிடச் சின்னதாக வருகிறதா, இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வெறுமனே நமக்குப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று மாற்றக் கூடாது. உங்களில் ஒருவர் விரல் நீளச் செடியை வாளி அளவுத் தொட்டியில் வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். அது தொட்டி இல்லை அப்பா, குளம். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது கார்த்திகை மாதம். கள்ளக்குறிச்சியில் ஒருவர் பெரிய வீடு கட்டியிருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை, அதனால் கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவது என்று முடிவாகியிருந்தது. அவர் எங்கள் முதலாளிக்கு வேண்டியவர். ஹாலின் நடுவில் வைக்க எங்கிருந்தோ ஒரு பீங்கான் தொட்டியை வாங்கி ஜீப்பில் ஏற்றி மலைக்கே அனுப்பிவிட்டார். ஒரு குழந்தையை உள்ளே உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. அடியில் ஓட்டை என்று பேருக்கு ஒன்று, கட்டைவிரல்கூட நுழையாது.

வெளியே நான்கு நாளாகச் சாரல். குடிலுக்குள் ஈரம் கையில் ஒட்டியது. முதலாளி அந்தத் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், அந்தப் பெரிய செடிய இதுல மாத்துனா ஜம்முனு இருக்குமா இல்லியா? பால் காய்ச்சற அன்னிக்கு ஹால் நடுவுல நிக்கணுமாம். இன்னும் பதினஞ்சு நாள் இருக்குது. முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை பேசிவிட்டார். கையில் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாணாங்க மொதலாளி. பூ வுட்டுக்கினு இருக்குது. இந்தச் சாரல்ல அத்த அசைக்கக் கூடாதுங்க. அருவிப் பக்கம் போய்ப் பாருங்க, இதே சாதி பாறை இடுக்குல ஒரு கைப்பிடி மண்ணுல நிக்கும். இம்மாம் பெரிய தொட்டி அதுக்கு எதுக்குங்க? அந்தச் சின்னத் தொட்டியோடவே தூக்கி உள்ள வெச்சி, மேல பாசி போட்டு மூடிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

கேட்டீர்களா? எவ்வளவு எளிதான வழி. செடியும் பிழைத்திருக்கும், ஹாலும் அழகாகியிருக்கும், பால் காய்ச்சிய மறுநாள் வண்டி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டும் வந்திருக்கலாம். கேட்ட நொடியிலேயே எனக்கு அது சரி என்று தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் முதலாளி என் பக்கம் திரும்பி, "இன்னா சார், இது இப்பிடிச் சொல்லுது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைக் குத்திவிட்டது. டிப்ளமோ படித்தவன் நான், தண்ணீர் விடுகிறவர் எனக்கு முன்னால் பதில் சொல்கிறார் என்கிற எரிச்சல். வேறு ஒன்றும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மொதலாளி. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நானேதான் மாற்றினேன். எப்படி மாற்றினேன் என்று கேளுங்கள், ஒவ்வொன்றும் தப்பு. பீங்கான் தொட்டியை மண்ணால் நிரப்பினேன். பழைய தொட்டியிலிருந்து செடியைத் தட்டி எடுத்து, தலைமுடி போல மெல்லிய அந்த வேர்களை விரலால் பிரித்து உதறினேன். தரையோடு படுத்தாற்போல் போகிற தண்டுக்கிழங்கை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்தேன், ஆடாமல் நிற்க வேண்டுமாம். வயலில் கரும்புக் கரணையை மிதித்து நடுவது போலச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தினேன். பிறகு வழிய வழியத் தண்ணீர். நான் சமவெளிக்காரன் இல்லையா, நடவு என்றால் எனக்குச் சேறு.

மூன்றாம் நாள் காலை அஞ்சலையிடம், "அதுக்கு உயிர்த் தண்ணி வுடு" என்றேன். எங்கள் ஊரில் எது நட்டாலும் மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அந்தத் தண்ணீர் பாய்ந்தால்தான் நட்டது உயிர் பிடிக்கும். என் அப்பா உயிர்த் தண்ணீர் நாளில் சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகாதவர். எனக்கு அது ரத்தத்தில் ஊறியது. மலையில், வலைக்குள், சாரலில், வெயிலே படாத பீங்கான் தொட்டிக்கும் அதே விதிதான் என்று நினைத்தேன்.

அஞ்சலை விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். "இன்னும் சொதசொதன்னு இருக்குது சார்."

"மூணாம் நாளு வுட்டே ஆவணும். வுடு."

விட்டார். ஆறாம் நாள் இலைகள் தொங்கின. நான் பார்த்துவிட்டு, "வாடுது பார், இன்னும் ரெண்டு பூவாளி வுடு" என்றேன்.

"சார், காய்ஞ்சி வாடற வாட்டம் வேற, ஈரத்துல வாடற வாட்டம் வேற. இது தண்ணி கேக்கல சார்."

"எனக்கே சொல்லித் தரியா நீ?"

அவர் பூவாளியை எடுத்துப் போய்ச் சொன்னபடி விட்டார். ஒன்றுக்கு இரண்டாகவோ இரண்டுக்கு மூன்றாகவோ விடவில்லை. சொன்ன அளவுதான்.

தம்பிகளா, இலை தொங்கினால் தண்ணீர்க் குடத்தைத் தேடாதீர்கள். முதலில் விரலைத் தேடுங்கள். இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் உள்ளே வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே வெளியே எடுத்து, மெத்தென்று ஆனதையெல்லாம் வெட்டி எறிந்து, மிச்சமிருப்பதைச் சின்னத் தொட்டியில், உலர்ந்த மணல் கலந்த மண்ணில் வையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

நான் போனேன். பத்தாம் நாள் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தபோது லேசாக ஒரு வாடை வந்தது. என்ன வாடை என்று எனக்குத் தெரியும். அப்போதாவது பிடுங்கியிருக்கலாம். குறைந்தது ஒரு நல்ல இலையை நறுக்கி மணலில் வைத்திருந்தால் அந்தச் செடியின் வம்சமாவது நின்றிருக்கும், எடுத்த கன்றுகள் எல்லாம் விற்றுப் போயிருந்த நேரம் அது. செய்யவில்லை. நான் மாற்றிய செடியை நானே பிடுங்குவதை அஞ்சலை பார்த்துவிடுவார் என்று செய்யவில்லை. மஞ்சளான இரண்டு இலைகளைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்துவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வண்டி வந்த காலையில் குடிலில் எட்டுப் பத்துப் பேர் இருந்தோம். தூக்குவதற்கு நான்கு பேர் தயாராக நின்றார்கள். முதலாளி குனிந்து, ஓரத்தில் வதங்கியிருந்த ஓர் இலையைப் பிடித்து இழுத்தார். இலை வரவில்லை, தண்டே வந்தது. அடிப்பக்கம் குழைந்த சேப்பங்கிழங்கு மாதிரி கறுத்து, வழுவழுவென்று அவர் கையில் ஒட்டியது. மற்ற தண்டுகளும் அப்படியே சாய்ந்தன. நாற்றம் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

"யாரு இதுக்குத் தண்ணி வுட்டது?"

கூரை பறக்கிற குரல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே சூப்பர்வைசர்.

"அஞ்சலைதான் மொதலாளி தண்ணி வுடறது" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்தான் தண்ணீர் விட்டார். அதைப்போல ஒரு பொய்யை நான் என் ஆயுளில் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், நீங்கதான…" என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன். "வுடு அஞ்சலை, அப்பறம் பேசிக்கலாம்" என்றேன், அவருக்கு ஏதோ உதவி செய்கிறவன் மாதிரி.

"இன்னா அப்பறம்?" என்று முதலாளி கத்தினார். "இந்தக் கை பட்டா எந்தச் செடி உருப்படும்? நாளைலேந்து இந்தப் பக்கம் வராத!"

அஞ்சலை தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவினார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினார். ஒருவரையும் பார்க்காமல் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார். தைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

பால் காய்ச்சும் வீட்டுக்கு அதற்குப் பதிலாக இரண்டு அரிக்கா பனைச் செடிகளை அனுப்பினோம். வந்தவர்கள் வாழ்த்தினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அந்த வீட்டில் பிகோனியாவைத் தேடியவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவர் அறைக்குப் போனேன். ஒருமுறை வலை கிழிந்ததைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன், ஒருமுறை உரத்தைப் பற்றி. மூன்றாவது முறை அவரே டீ வரவழைத்து, "போனது போச்சு வுடுங்க சார்" என்றார். அப்போது என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை போய்விட்டால் சம்பந்தம் என்ன ஆகும் என்று பயம். பயத்துக்குக் காரணம் தேடினால் எப்போதும் ஒன்று கிடைக்கும். பொங்கலுக்குப் பிறகு, அஞ்சலை குடும்பத்தோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே கூலி ஜாஸ்தியாம், நல்லதுதான் போ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பிகோனியாவில் கெட்டிக்காரன் ஆனேன். இது இன்னொரு கூத்து. "பிகோனியான்னா சாரைத்தான் கேக்கணும்" என்று வடக்கனந்தலிலிருந்து, சேலத்திலிருந்தெல்லாம் போன் வரும். நான் என்ன சொல்வேன் தெரியுமா? பூவோடு இருக்கும்போது தொடாதே. சாரலில் அசைக்காதே. குளிர் விட்டு, மாசி பங்குனியில் புதுத் தளிர் கிளம்பும்போது மாற்று. பழைய தொட்டியைவிட ஒரு விரல் அகலம் போதும், ஆழம் வேண்டாம். வேர் மண்ணை உதறாதே. தண்டுக்கிழங்கு மண்ணுக்கு மேலே தெரியட்டும். அழுத்தாதே, தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மண் தானே உட்காரும். கொஞ்சமாக ஒருமுறை தண்ணீர், அதற்குப் பிறகு விரல் உலர்வாக வந்தால்தான் அடுத்தது. உரம் ஒரு மாதம் கழித்து. இதெல்லாம் நான் கண்டுபிடித்ததா? பாதி, பூவாளியோடு நின்று அஞ்சலை சொன்னது. மீதி, அவர் சொன்னதைக் கேட்காமல் நான் செய்த தப்பைத் திருப்பிப் போட்டது. பேர் மட்டும் எனக்கு.

ஐந்தாறு வருடம் கழித்து இதே மாதிரி இன்னொருவர் வந்தார். பூத்திருந்த ஒரு செடியைப் பித்தளை அண்டாவில் மாற்றித் தரச் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். "முடியாதுங்க. இப்ப மாத்துனா செத்துடும்" என்றேன். முதலாளி என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. "சரி சார், நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, வந்தவரிடம் வேறு செடியைக் காட்டப் போனார். அவ்வளவுதான். நான் அன்று இரவு சாப்பிடவில்லை. முன்பே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இதே பதில்தானே வந்திருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு மலைப் பக்கம் அதிகம் வரவில்லை. போன ஆனியில் சம்பந்தி வீட்டாரோடு அருவி பார்க்க வந்தேன். கரியாலூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பு நம் குடிலில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். எல்லோரையும் விசாரித்துவிட்டு, கடைசியில்தான் அஞ்சலையைக் கேட்டேன்.

"அஞ்சலையக்காவா? குடகுலேந்து வந்துட்டாங்க சார். இங்கதான் இருக்காங்க. ஆனா வெதைக்கக் கூப்புட்டா வர மாட்டேன்றாங்க. எத்தினியோ பேரு போய்க் கேட்டாச்சு. 'என் கை ஆவாது, வேற ஆள பாருங்க'ன்றாங்க. வூட்டுல ஒரு கீரைகூடப் போடறதில்ல."

வேலை போயிற்று என்றுதான் நான் அதுவரை கணக்கு வைத்திருந்தேன். வேலை மட்டும் போகவில்லை என்று அந்த டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டாரை அருவிக்கு அனுப்பிவிட்டு, வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.

வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்? ஒக்காருங்க. காப்பி வெக்கட்டா?"

"காப்பி வாணாம். நான் சொல்ல வந்தத சொல்லிடறேன் அஞ்சலம்மா. அந்தச் செடி உங்க தண்ணியால சாவல. நான் மாத்துனது தப்பு. தண்ணி வுடச் சொன்னது நானு. நீங்க வாணாம்னு சொன்னீங்க. அது உங்களுக்கே தெரியும்." அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாக 'நீங்க' என்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்து ஒரு புளியை எடுத்துப் பிளந்தார்.

"தெரிஞ்சிச்சு சார். மொதல்ல நல்லாத் தெரிஞ்சிச்சு. ஒரு ரெண்டு வருசம் தெரிஞ்சிச்சு. அப்பறம் வூட்டாண்ட வெச்ச முருங்க பட்டுப்போச்சு. சார் படிச்சவரு, செடியப் பத்தித் தெரிஞ்சவரு, அவ்ளோ பேரு எதிர்ல சும்மாவா சொல்லுவாருன்னு மனசு திரும்பிடுச்சு. அந்த வருசம் வெதைப்புக்கு ஊருக்கு வந்து நான் மொதக் கை போட்ட காட்டுல சாமை சரியா வரல. மழை கம்மி, யாருக்கும் வரல. ஆனா எனக்கு அது தோணல. நானே கைய எடுத்துட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்ப, என் கை இல்லீங்களா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமா. சத்தியமா என் தப்புதான்."

கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். புளி ஒட்டிய கை. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கோபம்தான் வந்தது. வரட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

"இங்க வந்து ஒத்தையில சொன்னா எப்பிடி சார்? பத்துப் பேரு எதிர்ல என் கை மேல பழியப் போட்டீங்க. அந்தப் பேச்சு குடில்லேந்து எறங்கி எங்க ஊரு வரைக்கும் வந்துது. இப்ப நீங்களும் நானும் மட்டும் பேசிக்கினா அது போயிடுமா? சொல்றதா இருந்தா அங்க போய்ச் சொல்லுங்க. பத்துப் பேரு எதிர்ல சொல்லுங்க."

அதனால்தான் முதலாளியம்மா போனில் கேட்டபோது உடனே சரி என்றேன். அம்மா, உங்கள் அப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அவர் என்னைத்தான் திட்டியிருப்பார், அரை மணி நேரம் கழித்து டீயும் வாங்கித் தந்திருப்பார்.

அன்று வண்டியில் தொட்டியை ஏற்ற நின்ற நால்வரில் இரண்டு பேர் இப்போதும் இங்கே வேலை செய்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும், புதியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்குப் போனால் அங்கேயும் சொல்லுங்கள். அந்தத் தாய்ச்செடியைக் கொன்றவன் நான். பூவோடு இருந்ததைச் சாரலில் மாற்றியவன் நான், வேரை உதறியவன் நான், ஈரத்தின் மேல் ஈரம் விடச் சொன்னவன் நான். அஞ்சலையின் கையில் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு இந்தக் குடிலில் செடியின் பேச்சு புரிந்த கை அது ஒன்றுதான்.

நான் இன்று இங்கே இதைப் படிக்கப் போகிறேன் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படிக்கும்போது நான் தலை நிமிரவில்லை, அதனால் வந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் வழி விடுங்கள். அன்று அவர் பேச வாயெடுத்தபோது நான் அடக்கிவிட்டேன். இன்று அவர் என்ன சொன்னாலும், என்னைத் திட்டினாலும், யாரும் குறுக்கே வராதீர்கள். அவர் பேசி முடிக்கட்டும்.